கரவனுக்குப் போன ஒக்சிசன்

வீட்டுக்கு வீடு ஒக்சிசன் கொண்டு போய்க் கொடுக்கிற வேலை ஒரு விசித்திரமான வேலை: உங்களைக் கண்டு ஒருவரும் சந்தோஷப்படுவதில்லை, ஆனால் கொஞ்சம் பிந்தினால் உடனே போன் வரும். மொன்றியலின் வெளிப்படிகளில் சாமான் தூக்கி ஏறியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஃபிரிட்ஜ் தூக்கினாலும் பீட்சா தூக்கினாலும், மார்கழிப் பனியில் அந்த வளைந்த இரும்புப் படி எல்லாருக்கும் ஒன்றுதான். உங்கள் முழங்காலும் என் முழங்காலும் சொந்தக்காரர்.

இரண்டாயிரங்களில் சில வருஷம் நான் மொன்றியலின் மேற்குப் பக்கம், புவாண்ட்-கிளேரில் ஒரு கம்பனிக்கு வான் ஓட்டினேன். நுரையீரல் பழுதானவர்களுக்கு இரண்டு சாமான் கொண்டு போவேன். ஒன்று, கரண்டில் ஓடி, அறைக் காற்றிலிருந்தே ஒக்சிசனைப் பிரித்துத் தருகிற மெசின். மற்றது, வெளியே போகும்போது கூடவே இழுத்துக்கொண்டு போகிற சிலிண்டர். எதுவானாலும் மூக்கில் ஒரு மெல்லிய குழாய் இருக்கும். கோடை வந்தால் ஊரில் பாதிப் பேர், படுக்கையும் குசினியும் உள்ள சக்கர வீடான கரவனைக் காரில் கொளுவிக்கொண்டு வெளிக்கிட்டு விடுவார்கள். மூக்கில் குழாய் உள்ளவர்கள் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஜன்னலை விட்டு எழும்பின சிலரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவர்கள் பிரெஞ்சில் சொன்னதையும் என் தமிழிலேயே எழுதுகிறேன்.

வளவுக்குள் ஒரு பயணம்

ரெஜான் செயின்ட்-மிஷேலில் இருந்தார். நகரசபைக்குப் பனி தள்ளுகிற லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். சிகரெட்டும் டீசல் புகையும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. ஒரு ஆடி மாத வெயிலில் சிலிண்டர் மாற்றப் போனேன். மணி அடித்தேன், பதில் இல்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே மெசின் ஓடிக்கொண்டிருந்தது, மனுஷனைக் காணவில்லை.

மெசினிலிருந்து வந்த குழாயைப் பிடித்துக்கொண்டே போனேன். அது குசினி ஜன்னலால் வெளியே போய், புல்லில் ஊர்ந்து, வீட்டுப் பக்கத்தில் நிறுத்தியிருந்த பழைய கரவனின் கதவுக்குள் புகுந்தது. உள்ளே சின்ன மேசையில் ரெஜானும் மனைவி உய்கெத்தும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் கடற்கரைத் தொப்பி. ஒக்சிசன் தொடங்கிய நாளிலிருந்து கரவன் பயணம் முடிந்தது என்று அவர்களே முடிவு கட்டியிருந்தார்கள். "என்ன செய்யிறீங்கள் இஞ்சை?" என்று நான் கொஞ்சம் உரத்துக் கேட்டுவிட்டேன். உய்கெத் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாக் கதை சிவா, பக்கத்துக் கரவன்காரர் நித்திரை; நாங்கள் இப்ப கஸ்பேக் கடற்கரையில நிக்கிறம்."

கேட்காத கேள்வி

அதை எங்கள் கம்பனியில் மூச்சுச் சிகிச்சை பார்க்கிற ஜினெத்திடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "கரவன் நிற்பாட்டுகிற இடத்தில் கரண்ட் இருக்கும். மெசினை அங்கேயும் ஓட்டலாம். வழிக்குச் சிலிண்டர் போதும். பிறகு ஏன் போகவில்லை?" என்றாள். "டொக்டர் வேண்டாமென்றிருப்பார்" என்றேன். அவள் அப்போதே டொக்டருக்கு போன் எடுத்து, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

காஸ் அடுப்புக்குக் கிட்டப் போகக்கூடாது, சிலிண்டரைச் சரியாமல் கட்ட வேண்டும், ஆஸ்பத்திரிக்கு எட்டாத காட்டுக்குள் போகக்கூடாது என்று டொக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் அவருக்கே கோபம் வந்துவிட்டது.

"போக வேண்டாம் எண்டு நான் எப்ப சொன்னனான்? அந்த மனுசன் என்னட்டைக் கேட்கவே இல்லையே!"

புகைக்கு மரியாதை

அதற்குப் பிறகு ரெஜானும் உய்கெத்தும் போன முதல் பயணம் தூரமில்லை. நகரத்துக்கு வடக்கே, ஒரு ஏரிக்கரை. சனிக்கிழமை மேலதிகச் சிலிண்டரோடு நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரே இருட்டுமுகம். ஏசி, கோப்பி மெசின், ஒக்சிசன் மெசின் மூன்றையும் உய்கெத் ஒன்றாகப் போட, கரண்ட் கட்டாகியிருந்தது. கோப்பிக்கும் மூச்சுக்கும் நடுவில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டிய நிலைமையை ரெஜான் அவ்வளவு இலகுவாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதை ஒருவாறு சரிப்படுத்தினோம். பின்னேரம் பக்கத்துக் கரவன்காரர் விறகு அடுக்கி நெருப்பு மூட்டத் தொடங்கினார்கள். ரெஜான் உள்ளே போகக் கதிரையை மடித்தார். அந்தக் குடும்பத்துத் தகப்பன் மூக்குக் குழாயைக் கண்டுவிட்டான். தண்ணி ஊற்றி அணைத்து, விறகு, கதிரை, பிள்ளைகள் எல்லாவற்றையும் தூரத்தில் தண்ணிக் கரைக்குக் கொண்டு போய்விட்டான். ரெஜான் மடித்த கதிரையைத் திரும்ப விரித்தார்.

"நான் பெட்டி பெட்டியாச் சிகரெட் பத்தின காலத்தில, ஒருத்தனுக்காகவும் நான் இப்பிடி எழும்பித் தள்ளிப் போகேல்லை."

வர வேண்டாம் என்ற மகன்

அடுத்த பனிக்காலம் ரெஜானை இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. இனிப் பயணம் இல்லையென்று இந்த முறை டொக்டரே சொல்லிவிட்டார். அதே நாட்களில் அதே செயின்ட்-மிஷேலில் பரமேஸ் அக்கா வீட்டுக்கும் நான் போய்க்கொண்டிருந்தேன். நுரையீரல் இறுகிப் போகிற வருத்தம் அவவுக்கு. கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார். கடைக்கும் போவதில்லை. யாராவது வந்தால் சால்வையால் மூக்கை மூடிக்கொள்வார். கணவர் நடராசா அண்ணை ஒரு உணவகத்தில் குசினி வேலை.

அவர்களுடைய ஒரே மகன் கபிலன், தூரத்துக் கிழக்குக் கடற்கரை ஊரான ஹாலிஃபக்ஸில் படிப்பு முடித்து, வைகாசியில் பட்டம் வாங்கப் போகிறான். அக்கா விமானத்தில் போகக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கபிலன் போனில், "அம்மா, நீங்க கஷ்டப்பட்டு வர வேண்டாம்" என்றானாம். நடராசா அண்ணைக்கு அது மகனின் கரிசனை. அக்காவுக்கு அது வேறொன்றாகக் கேட்டிருக்கிறது. நான் மெசினின் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருக்க, பின்னால் நின்று சொன்னார்.

"தம்பி, அவன் வர வேண்டாம் எண்டது என்னை இல்லை, இந்தக் குழாயை."

பின்னுக்கு எடுக்கிற படிப்பு

அக்காவின் கதையை ரெஜானிடம் நான்தான் சொன்னேன், யாரென்று சொல்லாமல். ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "கரவன் சும்மாதானே நிற்குது" என்றார். உய்கெத் சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். முகம் தெரியாத ஒரு குடும்பத்துக்குக் கரவனைக் கொடுக்க அவர்களுக்கு அவ்வளவு நேரம்தான் எடுத்தது. அதற்குப் பிறகுதான் அக்காவிடம் போய், கரவனில் ஹாலிஃபக்ஸுக்குப் போவீர்களா என்று கேட்டேன். முதலில் முடியாதென்றார். பிறகு, "ஓம், டொக்டரைக் கேட்டுப் பாருங்கோ" என்றார். தரைவழியால் போகலாமென்று டொக்டரும் சொல்லிவிட்டார்.

நடராசா அண்ணை வாழ்நாளில் கரவன் இழுத்ததில்லை. ஞாயிறு காலை, புவாண்ட்-கிளேரில் ஒரு கடைத்தொகுதியின் வெறும் கார்த்தரிப்பிடத்தில் பழக்கினோம். ரெஜான் மடக்குக் கதிரையில், பக்கத்தில் சிலிண்டர், கையைக் காட்டி வழி சொன்னார். பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் கரவன் மறுபக்கம் போகும். அண்ணை அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. அடையாளத்துக்கு வைத்த பிளாஸ்டிக் கூம்பு ஒவ்வொன்றாக விழுந்தது. கரவன் விளக்குக் கம்பத்தை மயிரிழையில் இடிக்காமல் விட்டபோது ரெஜான் கண்ணை மூடிக்கொண்டார்.

"சிவா, என்ர ஒக்சிசனை இன்னொரு புள்ளி கூட்டு, இதைப் பார்க்க எனக்கு மூச்சு முட்டுது."

ஐஸ்கிறீம்

ஜினெத் வழியெல்லாம் போன் எடுத்து, தங்குகிற ஊர்களில் சிலிண்டர் கிடைக்க ஒழுங்கு செய்திருந்தாள். பயணத்தின் இரண்டாம் நாள், வழியில் நியூ பிரன்ஸ்விக்கில், கடலோரத்தில் ஒரு கரவன் தரிப்பிடம். மத்தியானம் புயல் காற்று அடித்து ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மெசின் கீச்சிட்டு நின்றது. சிலிண்டருக்கு மாறினார்கள். நேரம் போகப் போக அதன் அளவு காட்டுகிற முள்ளும் கீழே இறங்கியது. கரண்ட் எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை. நடராசா அண்ணை எனக்கு போன் எடுத்தார். இவ்வளவு தூரத்திலிருந்து நான் என்ன செய்ய? "அந்த இடத்து முதலாளியிட்டை ஓடுங்கோ அண்ணை" என்று மட்டும் சொன்னேன்.

முதலாளி ஒரு கிழட்டு மீன்பிடிகாரர். அவரிடம் ஒரேயொரு சின்ன ஜெனரேட்டர் இருந்தது. அதில் கடையின் ஐஸ்கிறீம் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணை தன் அரைகுறைப் பிரெஞ்சில் மூக்கைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். மனுஷன் ஐஸ்கிறீம் பெட்டியின் வயரைப் பிடுங்கி, நீள வயர் ஒன்றைக் கரவனுக்கு இழுத்து, மெசினை ஓட்டிவிட்டார். பிறகு பெட்டியைத் திறந்து, அங்கே நின்ற எல்லாருக்கும் ஐஸ்கிறீமைப் பங்கு போட்டார். முதல் கோனைப் பரமேஸ் அக்காவிடம் நீட்டினார். சால்வைக்குள்ளால் ஐஸ்கிறீம் சாப்பிட முடியாதல்லவா? கனகாலத்துக்குப் பிறகு அந்நியர்கள் முன்னால் அக்கா சால்வையை எடுத்தது அங்கேதான்.

"கெதியாச் சாப்பிடுங்கோ மதாம், உங்கட மெசினுக்காகத்தான் இது உருகுது."

மீன்குழம்பு

பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். கரவனை ஒப்படைக்கிற அன்று மத்தியானம் நடராசா அண்ணை மீன்குழம்பும் சோறும் வைத்துக் கொண்டு வந்தார். உறைப்பைக் குறைத்ததாகச் சத்தியம் பண்ணினார். ரெஜான் எல்லாரும் தடுக்கத் தடுக்க ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணால் தண்ணி ஓடியது. நான் ஆஸ்பத்திரிக்கு எந்த ரோட்டால் போகலாமென்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார்.

ரெஜான் அடுத்த கோடையைக் காணவில்லை. செத்தவீட்டுக்கு நடராசா அண்ணையும் வந்திருந்தார். அங்கேயும் உய்கெத் அந்த மத்தியானத்தைத்தான் எடுத்துக் கதைத்தாள், ரெஜான் அன்று சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டி.

"இவ்வளவு காலம் ஒக்சிசன் செய்யாததை இந்த மீன் செய்துபோட்டுது, மூக்குத் திறந்திட்டுது!"

படம் பிடிக்கிறவர்

பட்டமளிப்பைப் பற்றி அக்கா உடனே சொல்லவில்லை. பேந்து ஒரு நாள் சிலிண்டர் இறக்கப் போனபோது, சுவரில் புதிதாக ஒரு படம் மாட்டியிருந்தது. கறுப்பு அங்கியோடு கபிலன்; ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் சேலையில் அம்மா. மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒளிந்திருந்த அம்மாவை மகன்தான் தேடிப் பிடித்து முன்னுக்குக் கூட்டி வந்திருக்கிறான். வர வேண்டாம் என்றது உண்மையாகவே பயத்தில்தான். வழியில் அம்மாவுக்கு ஏதாவது நடந்தால் என்ற பயம்.

படம் பிடிக்கிறவர் நல்ல மனதோடுதான் கேட்டாராம்: ஒரு நிமிஷம் அந்தக் குழாயைக் கழற்றினால் படம் வடிவாக வருமே என்று. அக்காவும் கழற்றக் கையைத் தூக்கிவிட்டார். கபிலன் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கியிருக்கிறான். அவன் இங்கிலிஷில் சொன்னதை அக்கா என்னிடம் தமிழில் இரண்டு தரம் சொன்னார், நான் முதல் தரமே கேட்டுவிட்டேன் என்று தெரிந்தும்.

"குழாயோட எடுங்கோ, இதோடதான் அம்மா இவ்வளவு தூரம் வந்தவ."

மூச்சு முட்டுகிறவர்களை எல்லாம் இப்படிக் கரவனில் ஊர் சுற்ற அனுப்பிவைத்த அந்த வருஷங்களில், நான் என் குடும்பத்தை ஒரு ஏரிக்கரைக்குக்கூடக் கூட்டிப் போகவில்லை என்பதை, நல்ல நுரையீரல் உள்ள என் மனைவி இன்றைக்கும் ஒரே மூச்சில் சொல்லிக் காட்டுவாள்.