குடுவைச் செடிக்கு வயல் மருந்தடித்த வீரன்

வீட்டில் கொசு குறையும் என்று நம்பி, பூச்சி தின்னும் குடுவைச் செடியொன்றை வாங்கி வந்து ஹோலில் தொங்கவிட்டேன். இரண்டே மாதத்தில் அதன் இலைகளில் பஞ்சு ஒட்டியதுபோல் மாவுப்பூச்சி பிடித்தது. பூச்சியைத் தின்ன வந்ததைப் பூச்சி தின்றது. அந்தக் கூட்டத்திலேயே மூளை குறைந்த பிராணி நான்தான்.

வெல்லாவெளி வயல் வட்டையில் இத்தனை போகம் மருந்தடித்தவனுக்கு ஒரு செடி எம்மாத்திரம்? நெல்லுக்கு அடித்து மிஞ்சிய மருந்தைக் கலந்து, டாங்கியை முதுகில் மாட்டி, வீட்டுக்குள்ளேயே விசிறினேன். மணம் தொண்டையைப் பிடித்த பிறகுதான் மூலையில் பேத்தியின் ஏணைத் தொட்டில் கண்ணில் பட்டது. மூன்று மாதப் பிள்ளை!

ஏணையில் கிடந்ததைத் துணியோடு அள்ளி நெஞ்சில் அணைத்து, "ஐயோ, புள்ள போயிட்டு!" என்று கத்தியபடி முற்றத்துக்கு ஓடினேன்.

கிணற்றடியில் மகள் பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, தலகணியத் தூக்கிட்டு எங்க ஓடுறீங்க?"

"தலகணிக்கு மூச்சு வருதா எண்டு பாருங்க," என்றாள் மனைவி. "வயலுக்கும் ஊட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனிசன்!"

தலகணியோடு அங்கேயே குந்திவிட்டேன். கதவு, ஜன்னலெல்லாம் திறந்துபோட்டு, இரண்டு நாள் பக்கத்து வீட்டில் இருந்தோம். செடியும் செத்தது.

இப்போது வேறு செடி. மாவுப்பூச்சி கண்டால் வெளியே கொண்டுபோய், சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் இலை இலையாகத் துடைக்கிறேன். வயல் மருந்து வீட்டுப்படி ஏறுவதில்லை. ஆனாலும் பிள்ளையை ஏணையில் போடுமுன் மகள் ஒருதரம் துணியை மணந்து பார்க்கிறாள். அதற்கு மட்டும் எனக்குப் பகிடி வருவதில்லை.