நாலு கிராம் சந்தேகம்

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாருடைய வம்பிலோ மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று நடையைக் கூட்டிவிடுவார். 'மோப்பக்காரரே' என்றால்தான் நிற்பார். பால் பாத்திரம் முதல் தபால் உறை வரை அவர் மூக்கைத் தாண்டியே வீட்டுக்குள் போகும்.

கன்றுக்குட்டிகள் தள்ளாடியதால் தீவன நிலத்து மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தார். ஆய்வுக்கூடத்து அம்மா சொன்னார்: "மண்ணுல செலினியம்ங்கற சத்து குறைச்சல். தீவனப் பயிர் மேல ஏக்கருக்கு நாலு கிராம், ஒரே தடவை தெளிங்க. கூடினா விஷம்."

நாலு கிராமா? மோதிரத்துக்குத்தான் அப்படி நிறுப்பார்கள். குறைத்துச் சொன்னால்தானே அடுத்த வருடமும் வந்து நிற்போம் என்று கண்டுபிடித்தார். இருந்தது ஒரே ஏக்கர். வாங்கி வந்த நூறு கிராம் பொட்டலம் மூன்றே தெளிப்பில் காலி.

இலைகள் வெளுத்தன. பக்கத்து நிலத்து மைத்துனன்தான் களைக்கொல்லி அடித்துவிட்டான் என்று நாலு பேர் முன்னால் ஏசினார். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது.

சில வாரத்தில் கறவைப் பசுவின் வால்மயிர் கொட்டியது. குளம்பு வெடித்து நொண்டியது. வாயை மோந்தார்: பூண்டு வாடை.

"மாட்டுக்குப் பூண்டு வச்சியா?" என்று மனைவியை மடக்கினார்.

"சமையலுக்கே பூண்டு வாங்கித் தர ஆளில்ல, மாட்டுக்கு வேறயா?"

நிலத்தைப் பார்க்க வந்த ஆய்வுக்கூடத்து அம்மா, வரப்பில் கிடந்த காலிப் பொட்டலத்தை எடுத்தார். "எவ்வளவு தெளிச்சீங்க?"

"நீங்க சொன்னதுதான். கொஞ்சம் முன்னபின்ன. மாட்டு வாயிலதான் பூண்டு வாடை அடிக்குது."

"அந்த வாடை செலினியம் மிஞ்சினதுக்கு அடையாளம். நிலத்துக்கு ஜிப்சம் போடுங்க, அதுல இருக்கற கந்தகம், வேர் செலினியத்த உறிஞ்சாம மறிக்கும். இந்தத் தீவனத்த இன்னிக்கே நிறுத்துங்க. இன்னும் ஒரு வாரம் தின்னா மாடு தேறாது."

வேறு தீவனம் இருந்தது ஒரே இடத்தில்தான். மோப்பக்காரர் வேலியோரம் நின்று இருமினார்.

சோளத்தட்டை அறுத்துக்கொண்டிருந்த மைத்துனன் நிமிரவில்லை. "என்ன மச்சான், இங்கயும் ஏதாவது வாடை வருதா?"

"மாடு படுத்துரும் போல, மாப்ளே. தப்பு என் பேர்லதான்."

மைத்துனன் ஒரு கட்டுத் தட்டையை வேலிக்கு மேல் தூக்கிக் கொடுத்தான். "மோந்து பாத்துட்டே போடுங்க."

வேண்டாம் என்று தலையாட்டினார். பத்தடி நடந்து, திரும்பிப் பார்த்து, அவன் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டபின், மோந்தார்.