மாமா சோதித்த ஸ்பிரிங்

மாமா தன் கலியாணத்துக்குத் தன்னுடைய பழைய வான் வண்டியில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அம்மா அவருக்கு மூத்த அக்கா. கலியாணத்தில் தட்டம் ஏந்திப் போகும் மாப்பிள்ளைத் தோழியும் அம்மாதான். கூறைச்சேலையும் தாலியும் வைத்த தட்டத்தோடு அந்தத் தகரத்தில் ஏற அவருக்குத் துணிவில்லை. பனி கரைந்த மொன்றியலில் றோட்டெல்லாம் குண்டும் குழியுமாய்க் கிடங்கு. அப்படியொரு கிடங்குதான் வானின் பின் ஸ்பிரிங்கை ஏற்கெனவே முறித்திருந்தது.

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் வேறொன்று வாங்கி மாமாவே பூட்டினார். உருக்குத் தகடுகளை அடுக்கி இறுக்கிய ஸ்பிரிங் அது. அம்மா நம்பவில்லை.

"முந்திக் கார் செய்தவையள் பாரம் ஏத்தி, மேடு பள்ளத்திலை அடிச்சுப் பாத்துத்தான் வித்தவை. நானும் பாத்துக் காட்டுறன் அக்கா," என்றார் மாமா.

அந்தக் கிழமை முழுக்க, வேலையால் வந்ததும் சோதனைதான். கலியாணச் சமையலுக்கு வாங்கிய அரிசி மூட்டைகள் முதலில் ஏறின. அது போதாதென்று எங்கள் கட்டடத்து மாமிமாரையும் கூப்பிட்டார். நிறை என்ன என்று கேட்டதைக் காதில் வாங்காமல், ஊர் சுற்றக் கிடைத்த சந்தோசத்தில் ஏறிக் குந்திக்கொண்டார்கள். மற்றவர்கள் விலத்திப் போன கிடங்குகளிலெல்லாம் மாமா தேடித் தேடி வானை விட்டடித்தார். மாமிமார் முருகா முருகா என்றார்கள். ஸ்பிரிங் முறியவில்லை. எனக்கென்றால் மாமாவை நினைக்கப் பெருமை தாங்கவில்லை.

கலியாணத்தன்று மாமா தலைப்பாகையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தார். நாங்கள் ஏறினோம். அம்மா தட்டத்தோடு கடைசியாக ஏறினார். டங் என்றொரு சத்தம். ஸ்பிரிங் முறிந்து வானின் பின்பக்கம் அப்படியே குந்திவிட்டது.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

"அவ்வளவு மூட்டைக்கும் முறியேல்லையே அக்கா..." என்று தொடங்கிய மாமா மிச்சத்தை விழுங்கினார்.

டாக்சி பிடித்துக் கோயிலுக்கு ஓடினோம். முகூர்த்தம் முடியுமுன் ஒருமாதிரித் தாலி கட்டியாயிற்று. ஆனால் பந்தியில் அம்மா சோற்றைத் தொடவில்லை. அதற்குப் பிறகு வீட்டிலும் இரவில் அவருக்குச் சோற்றுக்குப் பதில் ஒரு துண்டுப் பாண்தான்.

கார் செய்கிறவர்கள் அடித்துச் சோதித்த ஸ்பிரிங்கை வண்டியில் பூட்டுவதில்லை, எறிந்துவிடுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. மாமாவின் சோதனையிலேயே அடிபட்டு அடிபட்டு அதன் உயிர் போயிருந்தது. பாணைக் கடித்தபடி அம்மா எங்கள் சோற்றுக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாவம் அம்மா, கலியாணத்துக்கு முதலே சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்றுதான் அப்போது நான் நினைத்தேன்.