அம்மா அவிழ்த்த மணல் பை

என் இடது கால் முழுசாக நீளாது. முழங்காலில் மடங்கியே நிற்கும். படுத்தால் அதற்கு அடியில் ஒரு தலையணை வேண்டும். போன மாதம் மருமகள் என்னை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்குச் சின்ன வயசு. காலைப் பிடித்து நீட்டிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள்.

"எலும்புல ஒண்ணுமில்ல தாத்தா. அப்பவே தினமும் பயிற்சி செஞ்சிருந்தா நல்லா நிமிந்திருக்கும். வீட்டுல யாரும் பாக்கலையா?"

பார்த்தார்கள். பார்த்ததால்தான் இப்படி இருக்கிறது. அதை அந்தப் பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருச்சுழிக்குப் பக்கம். கிணற்றுத் தண்ணீர் உப்பு, மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குடிக்க ஊருணி ஒன்றுதான். மழை பெய்தால் நிறையும். சித்திரையில் அடியில் பச்சையாகக் கொஞ்சம் கிடக்கும். அதைத்தான் படியில் இறங்கி, குடத்தால் பாசியை விலக்கி மொண்டுவருவார்கள். நாய், கழுதை இறங்கக் கூடாது என்று ஊர் காவல் போட்டது. மனுஷன் கால் இறங்குவதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை.

அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு நரம்புச் சிலந்தி வரும். இன்றைக்கு உள்ளவர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. தெரியாதவரை நல்லது. முதலில் காலில் ஒரு கொப்புளம் கிளம்பும். நெருப்புக் கங்கு ஒன்றை எடுத்து வைத்ததுபோல் எரியும். கொப்புளம் உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கும். அது புழு. உயிரோடு இருக்கும். முழத்துக்கு மேல் நீளம். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் கால் வீங்கிச் சீழ் வைக்கும். அதனால் ஈர்க்குச்சி ஒன்றில் அதன் தலையைச் சுற்றி, தினம் கொஞ்சமாகச் சுருட்டி எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். நம் உடம்புக்குள்ளிருந்து இன்னொன்று நம்மைப் பார்த்துக்கொண்டு வெளியே வரும். அதை ஒரு தடவை பார்த்தவன் மறக்க மாட்டான்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது அது என் அண்ணனுக்கு வந்தது. என்னைவிடச் சில வயசு மூத்தவன். அப்பா செத்துப்போனபிறகு உழுதது, விதைத்தது எல்லாம் அவன்தான். இடது கெண்டைச் சதையில் கொப்புளம். எரிச்சல் தாங்காமல் சாயங்காலம் ஊருணிக்குப் போய், கீழ்ப்படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொள்வான். தண்ணீர் பட்டால் எரிச்சல் அடங்கும், புழுவும் நீளும். புழு வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். கீழ்ப்படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் எடுக்க வருகிற பெண்கள் அவர்களுக்குப் பக்கத்திலேயே குடத்தை முக்குவார்கள்.

"என்ன கொழுந்தனாரே, இன்னைக்கு எம்புட்டு நூத்தீக?"

"ஒரு சேலைக்கு ஆகும் மதினி. அருப்புக்கோட்டைத் தறிக்கு அனுப்பிருவமா?"

"எதுக்கு அனுப்பணும்? ஒமக்கு வாரவளுக்கு அதையே கூறச்சேலையாக் கட்டிவிடும்."

சிரிப்பார்கள். அண்ணனும் சிரிப்பான். குடத்துக்குள் என்ன போனது என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

அவன் புழு பாதியில் அறுந்தது. கால் தூண் மாதிரி வீங்கியது. காய்ச்சல் அடித்தது. மடக்கி வைத்தால் வலி குறைந்ததால் மடக்கியே கிடந்தான். அம்மாவும், "அசையாதய்யா, அசைஞ்சா மேல ஏறிரும்" என்றாள். ஊரே அப்படித்தான் நம்பியது. ஆள் ஆடாமல் கிடந்தால் புழுவும் ஆடாமல் கிடக்குமாம். வீக்கம் வற்றி, புண் ஆறி, ஒரு நாள் எழுந்து நிற்கப் பார்த்தான். கால் நிமிரவில்லை. குதிகால் தரையில் படாமல், ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பெட்ரோல் இல்லாத காலம். கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் ஏற்றி அருப்புக்கோட்டை தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த கம்பவுண்டர் யாரையும் மதித்துப் பேசுகிற ஆள் இல்லை.

"காலைக் கெடுத்தது புழு இல்ல. நீங்கதான். படுக்கப் போட்டு மடக்கி ஒறைய விட்டுட்டீக" என்றார். பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். தவிட்டை வறுத்து ஒத்தடம். விளக்கெண்ணெய் தேய்ப்பு. கட்டிலில் குப்புறப் படுத்து, முழங்காலுக்குக் கீழே வெளியே நீட்டி, கணுக்காலில் மணல் பையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, குதிகாலைச் செங்கல்மேல் வைத்து, முழங்காலை ஒரு ஆள் அமுக்க வேண்டும். நடக்க வேண்டும். வலித்தாலும் நடக்க வேண்டும்.

அம்மா பழைய சாக்கை வெட்டிப் பை தைத்தாள். ஓடை மணலை நான் அள்ளி வந்தேன். தவிடு வறுத்தது அம்மா, அமுக்கியது நான். அண்ணன் துண்டை வாயில் கடித்துக்கொள்வான். முழங்காலுக்குள் மொறமொறவென்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் நான் கையை எடுத்துவிடுவேன்.

"ஏலே, கஞ்சி குடிக்கலையா நீ? அமுக்குலே" என்பான் துண்டை எடுத்துவிட்டு. கண்ணில் தண்ணீர் வழியும்.

அவன் அவ்வளவு பாடுபட்டது உழவுக்காக இல்லை. மழை இரண்டு வருஷமாக ஏய்த்தது. கம்பு பதராகப் போனது. திருச்சுழியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். கால் மடங்கிய நாட்களிலேயே அவன் அங்கே நொண்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறான். ஆள் எடுக்க வந்தவர் அவனை மேலும் கீழும் பார்த்து, காலை நிமிர்த்திக்கொண்டு வா, எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதிலிருந்து அவனுக்கு அதுதான் பேச்சு.

"அங்க ரெண்டு வேளையும் அரிசிச் சோறும்மா. குழாயில தண்ணி குடிக்காகளாம். புழு கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அம்மா மறுத்துப் பேசவில்லை. பிள்ளை எங்கேயாவது போய் வயிறு நிறையச் சாப்பிடட்டும் என்றுதான் நினைத்தாள். சாயங்கால ஜெபத்தில் மாதாவிடம் அவன் கால் நிமிர வேண்டும் என்று கேட்டாள். நானும் கூடவே சொன்னேன்.

ஐப்பசியில் அவன் குதிகால் தரையில் பட்டது. உழுத கரிசலில், கட்டி மேல் கால் வைத்து நடந்தான். பிறகு ஊருணிக் கரையில் ஓடினான். கடைசியில் திருச்சுழிக்குப் போனான். அங்கே உட்காரச் சொன்னார்களாம், எழச் சொன்னார்களாம், மடங்கியிருந்த அந்த இடது காலிலேயே குதிக்கச் சொன்னார்களாம். குதித்திருக்கிறான். எடுத்துக்கொண்டார்கள். விளக்கு வைக்கிற நேரம் ரோட்டிலிருந்து வீடுவரைக்கும் ஓடியே வந்தான். தெருவில் அவன் கால் சத்தம் முதலில் கேட்டது, அப்புறம்தான் ஆள் தெரிந்தான். அம்மா குனிந்து அவன் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.

"நான் வறுத்த தவிடு வீணாப் போகல" என்றாள்.

அதைச் சொன்னதற்காக அவள் பிறகு எத்தனை தடவை நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொன்னதில்லை.

அண்ணன் போனான். தொடக்கத்தில் கடுதாசி வந்தது. சோறு நன்றாக இருக்கிறது, கால் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தான். அப்புறம் நின்றுபோனது.

அடுத்த சித்திரையில் எனக்கு இடது காலில் எரிச்சல் எடுத்தது. கொப்புளம். அண்ணனுக்கு வந்த அதே இடம். தனியாகவே பஸ் ஏறி அதே கம்பவுண்டரிடம் போனேன். அவர் புழுவின் தலையைக் குச்சியில் சுற்றிவிட்டுக் கேட்டார்.

"ஊருணித் தண்ணிதானே குடிக்கீக? போன வருஷம் புழுக்காலை அதுக்குள்ள விட்டது யாரு?"

"எல்லாருந்தான்."

"எல்லாரும் விட்டாக, எல்லாரும் குடிச்சீக. அந்தப் புழு தண்ணியில குஞ்சு பொரிக்கும். அது ஒன் வயித்துக்குள்ள போய் ஒரு வருஷம் வளந்து இப்ப வெளிய வருது. துணியில வடிகட்டிக் குடிங்கன்னு சொன்னா எவன் கேக்கான்."

பஸ்ஸில் திரும்பும்போது நான் காலைப் பார்க்கவில்லை. ஊரில் எத்தனையோ பேர் அந்தப் படியில் உட்கார்ந்தார்கள். எவனுடைய புழு என்று யார் கண்டது? அறிவுக்குத் தெரிகிறது. ஆனாலும் குச்சியில் சுற்றிக்கொண்டு வெளியே வருகிற புழு அண்ணனிடமிருந்துதான் எனக்கு வந்திருக்கிறது என்று தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வீட்டுக்கு வந்து கம்பவுண்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் அவளே குச்சியைச் சுற்றினாள். அவ்வளவு மெதுவாக ஒருத்தி சுற்றி நான் பார்த்ததில்லை. அறுந்துவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள்.

புழு பாதி வெளியே வந்திருந்தபோது தபால்காரர் தந்தி கொண்டுவந்தார். மாதா கோயில் உபதேசியார் படித்துச் சொன்னார். அண்ணனைக் காணவில்லை. செத்துவிட்டான் என்று போடவில்லை. காணவில்லை. ஆட்டைத் தொலைத்தவன் சொல்கிற வார்த்தை. எந்த ஊரில், எந்தத் தண்ணீரில், எந்தக் காட்டில் என்று ஒன்றும் இல்லை. உடம்பு இல்லாததால் கோயிலில் இறந்தவர்களுக்கு வைக்கிற பூசையை வைக்கலாமா வேண்டாமா என்றுகூட அம்மாவுக்குத் தெரியவில்லை.

சில நாளில் என் புழு அறுபடாமல் முழுசாக வெளியே வந்துவிட்டது. வந்ததைக் குச்சியோடு அடுப்பில் போடுவது வழக்கம். அம்மா போடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனாள். வெறும் கையோடு, நகத்தில் மண்ணோடு திரும்பி வந்தாள். எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

புழு வெளியே வருகிறவரை, வலி தாங்காமல் நானும் காலை மடக்கியேதான் கிடந்தேன். முழங்கால் இறுகியிருந்தது. ஆனால் எனக்கு வழி தெரியும். அண்ணனுக்குச் செய்ததை எல்லாம் என் கையால் செய்தவன் நான். பரணில் கிடந்த சாக்குப் பையில் மணலை நிரப்பி, கணுக்காலில் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்தேன். வலியோடே தூங்கிப்போனேன். விடிந்து பார்த்தால் காலில் பை இல்லை. மணல் வாசலில் கொட்டிக் கிடந்தது. மறுபடி கட்டினேன். அம்மா மறுபடி அவிழ்த்தாள். தவிடு கேட்டேன், இல்லை என்றாள். பானையில் இருந்தது, நான் பார்த்தேன்.

"எதுக்கும்மா அவுக்குற?"

"நிமிந்தா வருவாக."

"யாரு?"

"அவனக் கூட்டிட்டுப் போனவுக."

"நான் போகலம்மா. சத்தியமாப் போகல."

"அவனும் வாரேன்னுதான் சொல்லிட்டுப் போனான்" என்றாள். காலிப் பையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அப்போது பதினாறு வயசு. அவளை எதிர்த்து ஒத்தைக் காலில் எங்கே போவது? கத்தினேன், சட்டியை உடைத்தேன், பட்டினி கிடந்தேன். அவள் அசையவில்லை. நடக்க எழுந்தால், "உக்காருய்யா" என்பாள். வேலை எதுவும் என்னிடம் விடமாட்டாள். சாயங்கால ஜெபத்தில் அண்ணன் பேர் வரும், மழை வரும், பக்கத்து வீட்டுக்காரியின் பேறுகாலம்கூட வரும். என் கால் வராது.

அவள் பயந்தது வீண் இல்லை. அந்த வருஷம் பட்டாளத்து ஆள் ஊருக்குள்ளேயே வந்துவிட்டார். வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏலே, எந்திரிச்சு நில்லு. நல்ல வளத்தியாத்தான இருக்க" என்றார் என்னிடம். நின்றேன். குதிகால் தரைக்கு எட்டவில்லை. "ப்ச், ஆகாது" என்று அடுத்த வீட்டுக்குப் போனார். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் குதித்துக் காட்டிவிட்டு வந்த அன்று அவள் முகம் எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது. அந்த முகத்தை என்னால் மன்னிக்கவும் முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை. எழுபது தாண்டியும் அதுதான் நிலைமை.

யுத்தம் முடிந்தது. போனவர்களில் பிழைத்தவர்கள் ஒவ்வொருவராகத் தகரப்பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். அம்மா எல்லோர் வீட்டுக்கும் போய் விசாரித்தாள். ஒருத்தரும் அவனைப் பார்க்கவில்லை. இனி இறங்க ஆள் இல்லை என்று ஆனபிறகு ஒரு நாள் வீட்டுக்குள் தவிடு வறுபடுகிற வாசனை வந்தது. அவள் கையில் அந்தச் சாக்குப் பை இருந்தது, மணல் நிரப்பி.

"குப்புறப் படுய்யா."

"இப்ப எதுக்கு?"

"இனி வரமாட்டாக."

படுத்தேன். கட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. கால் வளைத்த இரும்பு மாதிரி இறுகிப்போயிருந்தது. கம்பவுண்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, காலம் கடந்துவிட்டது என்றார். அம்மா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் ஒத்தடம் கொடுத்து, குதிகாலைச் செங்கல்மேல் வைத்து, இரண்டு கையையும் ஊன்றி முழங்காலை அமுக்கினாள். எனக்குக் கல்யாணமான பிறகும் அமுக்கினாள். கையில் பலம் போனபிறகும் அமுக்கினாள். போதும் என்று நான் சொன்னதில்லை. அவள் கை அங்கே இருக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது போலிருக்கிறது.

அந்த நேரத்தில் தெருவில் யாராவது ஓடுவார்கள். ஆட்டை விரட்டுகிற பயலாக இருக்கும், பஸ்ஸைப் பிடிக்கிற ஆளாக இருக்கும். சத்தம் ரோட்டுப் பக்கமிருந்து நெருங்கும். அம்மாவின் கை முழங்கால்மேல் அப்படியே நிற்கும். நானும் மூச்சு விடமாட்டேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கமாட்டோம். சத்தம் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும். அது முழுசாக அடங்குகிறவரை காத்திருந்துவிட்டு, அவள் மறுபடி அமுக்குவாள்.