யட்டவத்தையில் கரண்ட் போன நாள்

நான் ஆறாம் தரத்தில் படித்தபோது மாத்தளையில் எங்கள் பாடசாலைக் காலைக்கூட்டத்தில் ‘இசையில் இன்று’ என்றொரு புது அங்கம் சேர்ந்தது. அந்த வருடம் மாற்றலாகி வந்த சங்கீத டீச்சரின் ஏற்பாடு அது. உலகத்தின் எந்த மூலையிலாவது, எந்த வருடத்திலாவது, அன்றைய தேதியில் பாட்டுச் சம்பந்தமாக நடந்த நான்கு செய்திகளை ஒரு பிள்ளை ஒலிவாங்கியில் வாசிக்க வேண்டும்.

என் முறை ஒரு புதன்கிழமை வந்தது. செய்தி தேடித் தரும் பொறுப்பை மாமா ஏற்றுக்கொண்டார். அம்மாவின் தம்பியான அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை. சனி ஞாயிறுகளில் ஓர் இசைக்குழுவில் பாடகர். முதல்நாள் இரவு போனைத் தடவித் தடவி மூன்று செய்திகளை எழுதித் தந்தார். நான்காவதைப் போனைப் பார்க்காமலே எழுதினார்.

மறுநாள் கணீரென்று வாசித்தேன். வெள்ளைக்காரப் பாடகர் ஒருவர் பிறந்திருந்தார். ஒரு குழு சண்டை பிடித்துப் பிரிந்திருந்தது. ஓர் இசைத்தட்டு முதலிடத்துக்கு வந்திருந்தது. கடைசியாக: “மூன்று வருடங்களுக்கு முன் இதே நாளில், யட்டவத்தைக் கோயில் திருவிழாவில் ஓர் இளம் பாடகர் பாடிய பாட்டு பாதியில் நின்றது. கரண்ட் போனதே காரணம். பாடகர்மீது எந்தக் குற்றமும் இல்லை.”

அதிபர் தலையை நிமிர்த்தினார். சங்கீத டீச்சர் எழுந்து வந்து என்னிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கினார்.

“நாலாவது செய்தியில ரெண்டு பிழை இருக்கு. கரண்ட் போகல. நான் அங்கதான் இருந்தேன், லைட்டெல்லாம் எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சு. அடுத்தது, அது நடந்தது நேத்தைய தேதியில.”

பாடசாலையே சிரித்தது. எழுதிக் கொடுத்தவரை மறுநாள் கூட்டிவரும்படி டீச்சர் என்னிடம் சொன்னார்.

அழுதுகொண்டே வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மாமா என் கண்ணீரைக் கவனிக்கவே இல்லை.

“தேதி சொன்னாங்களா? அவங்களாவே சொன்னாங்களா?” என்று கேட்டார். சாப்பிடும்போது இன்னொரு தடவை கேட்டார். பிழை விட்ட வெட்கம் அவரை வாட்டுகிறது என்று நினைத்தேன்.

காலையில் ஒரே சட்டையை இரண்டு முறை அயர்ன் பண்ணினார். அப்பாவின் சென்ட் போத்தலைப் பாதியாக்கினார். தண்டனை வாங்கப் போகிற மனிதர் இப்படிச் சீட்டியடித்துக்கொண்டு புறப்படுவதைப் பார்த்து, அவர் துணிச்சலில் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

சங்கீத அறையில் ஹார்மோனியத்துக்கு அந்தப் பக்கம் டீச்சர், இந்தப் பக்கம் மாமா. கரண்ட் போனதுதான் என்று அவர் சாதித்தார். லைட் மட்டும் எரிந்தது எப்படி என்று டீச்சர் கேட்டார். லைட்டுக்கு வேறு லைன் என்றார் மாமா. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாமா பொய்க்குள் மேலும் மேலும் புதைவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

“டீச்சர், மாமாவுக்கு வரி மறந்து போச்சு. அம்மாகிட்ட அவரே சொன்னாரு.”

வீட்டுக்குத் தீ வைத்தவளைப் பார்ப்பதுபோல் மாமா என்னைப் பார்த்தார்.

“தெரியும்,” என்றார் டீச்சர். “நான் முன்வரிசையில இருந்தேன். நல்லா பாடிக்கிட்டு வந்தவரு என்னையப் பார்த்தாரு. அப்படியே நின்னுட்டாரு.”

பிறகு, மறந்துபோன அந்த வரியை மெல்லப் பாடினார். மாமா அதற்கடுத்த வரியை எடுத்து, ஒரு சொல் பிசகாமல் பாட்டை முடித்தார். பாடவேளை மணி அடித்தது. இரண்டு பேரும் அசையவில்லை.

இவ்வளவு நன்றாகத் தெரிந்த பாட்டு, ஒருவர் முன்வரிசையில் இருப்பதால் மறக்குமா? மாமாவுக்கு ஞாபகசக்தியில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, வல்லாரை கொடுக்கும்படி அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்துச் சிரித்துத் தினமும் வல்லாரைச் சம்பல் போட்டார். மாமா ஒரு துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அடுத்த மாதம் நாங்கள் எல்லோரும் தட்டில் வெற்றிலையும் பழமும் வைத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனோம். டீச்சரின் அப்பா மாமாவிடம் பெயரைக் கேட்டார். மாமா டீச்சரைப் பார்த்தார். பிறகு பதில் சொல்லத் தெரியாமல் நின்றார்.

வல்லாரை போதவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.