நான் ‘ச’வில் நிற்க, அவர் ‘க’வில் நின்றார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். பத்தாவது தாண்டாதவன் சங்கீதம் பற்றி எழுதுவதா என்பது வெளியில் சொல்லிக்கொண்ட காரணம். எழுதினால் என் வண்டவாளம் தெரிந்துவிடும் என்பதுதான் நிஜம். திருநீர்மலைப் பெருமாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போகும் காலை ரயிலில் எங்கள் பஜனை கோஷ்டி ஏறும். எட்டுப் பேர். சுதிப்பெட்டி என் மடியில். என் குரலுக்குத் தோதாக ஒன்றரைக் கட்டையில் சுதி வைத்து நான் ஒரு அடி பாடுவேன், மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். இம்மி பிசகக் கூடாது. அதுதான் எனக்குத் தெரிந்த சங்கீதம்.

அதே பெட்டியில் கண்ணாடி போட்ட செம்பாக்கத்து வாத்தியார் ஒருவர் வருவார். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். ஒரு மார்கழியில் அவரும் ஆசையாகச் சேர்ந்துகொண்டார். வார்த்தை கிடையாது, வெறும் ம்ம்தான். ஆனால் நான் ‘ச’வில் நின்றால் அவர் சாவகாசமாக இரண்டு ஸ்வரம் மேலே ‘க’வில் போய் நிற்பார். எனக்கு உடம்பெல்லாம் கூசும். மூன்றாம் நாள், பல்லாவரம் தாண்டியதும் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டேன்.

“சார், உங்களுக்குச் சுதி சேரலை. பேசாம தாளம் மட்டும் போடுங்களேன்.”

கோஷ்டி சிரித்தது. அவரும் சிரித்தார். மறுநாளிலிருந்து வேறு பெட்டியில் ஏறினார்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் ஒரு சாயங்காலம், அந்த வாத்தியாருடைய சர்ச் பாட்டுக்காரர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். நாலு பேர் நாலு விதமாகப் பாடினார்கள். ஒருவர் பாட்டு ஒருவர் மேல் இடிக்கவே இல்லை. கேட்கக் கேட்க நிறைவாக இருந்தது. “நீங்க ரயில்ல விரட்டினதா சொன்னவர்தானே அந்தக் கண்ணாடிக்காரர்? நல்லாத்தானே பாடறார்” என்றாள் என் மனைவி. மறுநாளே அவர் வீடு எங்கே என்று விசாரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். கோபமெல்லாம் இல்லை, காபி கொடுத்தார். கீபோர்டில் ச, க, ப மூன்றையும் ஒன்றாக அழுத்திக் காட்டினார். இதற்குப் பேர் கார்ட், ஒருவர் மெட்டோடு இன்னொருவர் வேறு ஸ்வரத்தில் சேர்ந்து போவது ஹார்மனி என்றார். உங்கள் பாட்டில் எல்லாருக்கும் ஒரே பாதை, எங்கள் பாட்டில் ஆளுக்கொரு பாதை, அவ்வளவுதானாம்.

“தப்பு என்னுது சார். நாளைக்கு நம்ம பெட்டிக்கே வரணும்” என்றேன்.

“கேட்காம நுழைஞ்சது நான்தானே. வரேன். கடைசி அடியில மட்டும் எனக்கு ‘க’வை விட்டுக்கொடுங்க.”

வந்தார். முதல் பாட்டிலேயே மாட்டிக்கொண்டார். தாளம் விழுந்து அரை இடம் தள்ளித்தான் எங்கள் பாட்டுக்கு எடுப்பு, அதாவது ஆரம்பம். அவர் முதல் தட்டிலேயே தனியாக ம்ம் என்று கிளம்பிவிட்டார். பெட்டியே சிரித்தது. “உங்க பாட்டு ஆபீஸுக்கு லேட்டா வருது சார்” என்றார் வாத்தியார். கடைசி அடியில் அவருக்கு ‘க’வை விட்டுக்கொடுத்தோம்.

அவருக்கு நான்தான் சுதி கற்றுக்கொடுத்துச் சரிசெய்தேன் என்று கோஷ்டியில் சிலர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர் சுதி அன்றைக்கே சரியாகத்தான் இருந்தது. என் காதுதான் போதவில்லை. இதை நாலு பேருக்குச் சொல்கிறவர்கள், எனக்காக ஒரு வார்த்தையையும் மாற்றாமல், அவருடைய ‘க’வை ‘ச’வாக்கிவிடாமல், நடந்தபடியே சொல்லுங்கள்.