உறை மோர் கேட்டுத் தெரு பிடித்த கண்ணையன்

சேத்தியாத்தோப்பில் தாய் வீட்டில் இருந்த செங்கமலம் கறாராகச் சொல்லிவிட்டாள். குடும்பங்கள் இருக்கிற தெருவில் வீடு பிடித்தால் பிள்ளைகளோடு வருவாள்; இல்லாவிட்டால் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவாள். சொன்னால் செய்கிறவள். கண்ணையனுக்குத் தெரியாதா என்ன?

நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிற வேலை அவருக்கு. பெண்டாட்டி இருந்தும் தனிக்கட்டையாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்து மனுஷன் அலுத்துப்போயிருந்தார். எப்போதாவது ஊருக்குப் போனால் சின்ன மகள் யாரோ வந்திருக்கிறார் என்று உள்ளே ஓடுவாள். அது அவருக்குப் பொறுக்கவில்லை.

ஆபீஸ் கிளார்க் கருணாகரன், “நாலு தெருவுல குவார்ட்டர்ஸ் காலி. எது வேணும்னு சனிக்கிழமைக்குள்ள சொல்லிடு” என்றார். ஜில்லாவுக்கு ஜில்லா ஆட்கள் வந்து குவிந்த இடம். எவர் எப்படி என்று யாரைக் கேட்பது? செங்கமலத்தையே போய்க் கேட்டார்.

“இதென்ன பெரிய வித்தை! போயி ஒரு கரண்டி உறை மோர் கேளுங்க. மூஞ்சி சுளிக்காம குடுத்தாங்கன்னா, அதாங்க குடும்பம் இருக்கிற தெரு.”

விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டிலும் உறை மோர் வெளியே கொடுக்கமாட்டார்கள் என்று அவள் சொல்லவில்லை. மூச்சு விடச் சொல்லித் தருவார்களா யாராவது? ஆனால் கண்ணையன் பிறந்தது கூலிக்காரர் வீடு. பால் இருந்தால்தானே மோர், மோர் இருந்தால்தானே சாத்திரம்!

ஷிப்ட் முடிந்து, குளித்து, சொம்பைத் தூக்கிக்கொண்டு அவர் கிளம்பும்போது இருட்டத் தொடங்கிவிடும். முதல் தெருவில் ஜானகியம்மாள் என்கிற அம்மாள், “இந்த நேரத்துல உறை மோரா?” என்று கதவைச் சாத்தினாள். மோர் கொடுக்கவும் ஷிப்ட் வைத்திருக்கிறார்கள் போல என்று எண்ணிக்கொண்டார் கண்ணையன்.

இரண்டாம் தெருவில் ஒருத்தி முறைத்தாள். “ஏன்யா, உன் வூட்டுல பொம்பளைங்களே இல்லியா?”

“அதுக்காகத்தாங்க வந்தேன்!” என்றார் இவர், வெள்ளை மனசோடு.

அவள் போட்ட கூச்சலில் புருஷன் விறகுக் கட்டையோடு வந்தான். சொம்பு அங்கேயே கிடந்தது. மூன்றாம் தெருவுக்கு டம்ளரோடு போனார். அங்கே நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

நாலாம் தெருவோ தங்கம்! கதவைத் திறந்த ஆள், “மோர்தானே அண்ணாச்சி? இந்தாங்க” என்று டம்ளர் நிறைய ஊற்றினான். அடுத்த வீட்டிலும் அப்படியே; கூடவே ஊறுகாய் வேறு. பொம்பளைகளை வேலை வாங்காமல் ஆம்பளைகளே வந்து கொடுக்கிறார்களே, இதல்லவா குடும்பம் என்று கண்ணையன் உருகிப்போனார்.

“குடும்பத்தோடவா அங்க போற?” என்று கருணாகரன் கேட்டார்.

“குடும்பத்துக்குன்னே இருக்கிற தெரு சார் அது!”

கருணாகரன் வாயைப் பொத்திக்கொண்டு எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை செங்கமலம் பிள்ளைகளோடு தெருவில் கால் வைத்தாள். கொடிக்குக் கொடி கைலியும் பனியனும். மருந்துக்கும் ஒரு சேலை இல்லை. எந்த வாசலிலும் கோலம் இல்லை. பல் துலக்கிக்கொண்டிருந்த நாலைந்து பேர் அவளைக் கண்டதும் சட்டை போட உள்ளே ஓடினார்கள்.

“ஏங்க, பொம்பளைங்கல்லாம் எங்க?”

“உள்ள வேலையா இருப்பாங்க...”

ஊறுகாய் கொடுத்த சங்கரலிங்கம், பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தான். “பொம்பளையா? இந்தத் தெருவுல நீங்கதான் மதினி முதல் ஆளு. நாங்க பூராவும் கல்யாணமாகாத பயலுவ.”

எப்போது போய்க் கேட்டீர்கள் என்று செங்கமலம் புருஷனை விசாரித்தாள். விளக்குப் போட்ட பிறகு என்று கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். “அட கூறுகெட்ட மனுசா! அந்நேரத்துல எந்தப் பொம்பளை உறை மோர் குடுப்பா? குடுக்காம தொரத்துனாங்க பாருங்க, அதாங்க குடும்பம்!”

கண்ணையனுக்கு அழுகையே வந்துவிட்டது. “சாயந்திரம் பஸ் இருக்கு. நானே ஏத்தி வுடறேன். சின்னவளை மட்டும் அதுவரைக்கும் தூக்கி வெச்சுக்கினு இருக்கட்டுமா?”

சட்டை போட்டு வரிசையாக வந்து நின்றவர்களை ஒரு நோட்டம் விட்டாள் செங்கமலம். அவளுடைய சித்தி வீட்டிலும் அத்தை வீட்டிலும் வரன் அமையாமல் பெண்கள் நிற்கிறார்கள். பெற்றவர்கள் ஊர் ஊராக அலைகிறார்கள்.

“பெட்டிய உள்ள வைங்க” என்றாள் புருஷனிடம். பிறகு சங்கரலிங்கத்தைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“தம்பி, உங்களுக்கு எந்த ஊரு? வேலை பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?”